ஆளைக் கேட்பதா, வேலையைக் கேட்பதா?

போடிநாயக்கனூரில் ஒரு மூட்டை ஏலக்காய் வாங்குவது என்பது இலேசான காரியமல்ல. வியாபாரி முதலில் மாதிரியைத் தட்டில் கொட்டி நிறத்தைக் கவனிக்கிறார். இரண்டு காய்களை விரலிடையே உருட்டிப் பார்க்கிறார். ஒன்றைப் பிளந்து, உள்ளே விதை கறுத்து முற்றியிருக்கிறதா, வெளுத்துப் பிஞ்சாகக் கிடக்கிறதா என்று சோதிக்கிறார். முகர்ந்து பார்க்கிறார். பிறகு சல்லடை வருகிறது; தராசு வருகிறது. 'எக்ஸ்ட்ரா போல்டு' என்று பேர்பெற்ற முதல் தரத்துக்குக் காயின் பருமன் 7 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஒரு லிட்டர் கொள்ளும் காய் 435 கிராமாவது நிற்க வேண்டும். இவ்வளவும் ஆன பிறகுதான் விலை என்ற பேச்சே எழும்.

அதே வியாபாரி தமது மண்டிக்கு ஒரு குமாஸ்தாவை நியமிக்கும் அழகையும் சற்றுப் பார்ப்போம்.

"எந்த ஊர், தம்பி?"

"தேவாரமுங்க."

"யார் வீட்டுப் பிள்ளை?"

பையன் தகப்பனார் பெயரைச் சொல்கிறான்.

"அடடே! அப்படியானால் நம்ம சின்னமனூர் மாமாவுக்கு நீ என்ன வேண்டும்?"

இந்த மூன்றாவது கேள்விக்குத் திருப்தியான விடை கிடைத்தால் பரீட்சை முடிந்துவிட்டது. "நாளைக்குக் காலையில் வந்துவிடு" என்று உத்தரவும் ஆகிவிடுகிறது. மூட்டைக்குச் சல்லடை உண்டு; மனிதனுக்கு இல்லை! மூட்டையோ ஒரு வாரத்தில் கைமாறிப் போய்விடும். மனிதன் பத்து வருஷம் கடையில் இருக்கப் போகிறவன்.

மாமாவை விசாரிப்பதில் உள்ள நியாயம்

இதைக் கண்டு நகைப்பது சுலபம். ஆனால் வியாபாரியின் பக்கத்து நியாயத்தையும் கேட்கத்தான் வேண்டும். ஏலக்காய் பருத்தியைப் போன்ற சரக்கல்ல; ஒரு கைப்பிடி அளவுக்கே நல்ல விலை உண்டு. 2019 ஆகஸ்டு மாதத்தில் மலைக்கு அந்தப்புறம் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7000 ரூபாய் வரையில் ஏறிற்று. அந்தக் கணக்கில் 50 கிலோ மூட்டை ஒன்று மூன்றரை லட்சம் ரூபாய். கிடங்குச் சாவியை யார் கையில் கொடுப்பது என்ற கவலை, இத்தகைய வியாபாரத்தில் இரவில் தூக்கத்தைக் கெடுக்கக் கூடியதே. பையன் தவறு செய்தால் போய் நியாயம் கேட்பதற்கு ஒரு வீட்டு வாசல் வேண்டும் என்று முதலாளி நினைக்கிறார். மாமாவை விசாரிப்பதன் தாத்பரியம் அதுதான்.

ஆனால் அந்த விசாரணையால் என்ன தெரிகிறது? பையன் ஓடிப்போனால் எங்கே தேடலாம் என்பது தெரிகிறது. அவனுக்குக் கணக்குத் தெரியுமா, காய் தெரியுமா, கோபமாக வரும் தோட்டக்காரரிடம் பதமாகப் பேசத் தெரியுமா என்பவற்றில் ஒன்றேனும் தெரிவதில்லை. மாமா யோக்கியர் என்பதனால் மருமகனும் யோக்கியன் என்று ஏற்படுவதுமில்லை. உறவுக்காரப் பிள்ளை சரியாக வேலை செய்யாவிட்டால் அவனை நீக்குவதும் கஷ்டம். அடுத்த கல்யாணத்தில் பந்தியில் எதிரே உட்கார வேண்டியிருக்குமே!

இந்த முறையில் நஷ்டப்படுகிறவர் முதலாளி மட்டுமல்ல. போடியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருங்கி உட்கார்ந்து, போடிமெட்டு மலைப்பாதை வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போய், இருட்டும் வேளையில் திரும்பும் தொழிலாளர் குடும்பங்கள் அநேகம். அத்தகைய குடும்பத்துப் பெண் ஒருத்தி வணிகவியல் பட்டம் பெற்று மண்டிக்கு வேலை கேட்டு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு அவளுக்குக் கைவந்த வித்தை. ஏலக்காயோ, தாயார் கொண்டுவரும் பேச்சிலேயே ஊறியது. ஆனால், "நம்ம மாமாவுக்கு நீ என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி அவளைச் சோதிக்கவில்லை, வாசலிலேயே நிறுத்திவிட்டது. நமது தேசத்தில் திறமை போதவில்லை என்று புலம்புகிறோமே, போதாதது திறமையா, அதைக் கண்டறியும் கேள்வியா?

கடன் வாங்கிய கேள்விகள்

உறவுமுறைக் கேள்விகள் பழைய பாணி என்று வெட்கப்படுகிற புது முதலாளிகள் வேறொரு திக்கில் போகிறார்கள். "உம்மைப் பற்றிச் சொல்லும்." "உமது பலவீனம் என்ன?" "இன்னும் ஐந்து வருஷத்தில் எந்த நிலையில் இருப்பீர்?" பெரிய நகரத்துக் கம்பெனிகளிலிருந்து இரவல் வாங்கிய கேள்விகள் இவை. இவற்றுக்கு விடையும் நகரத்திலிருந்தே வந்து சேர்ந்துவிட்டது. "என் பலவீனம், அளவுக்கு மீறி உழைப்பது" என்று வேலைக்கு வந்தவர் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு சொல்கிறார். கேட்டவருக்கும் திருப்தி, சொன்னவருக்கும் திருப்தி. இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

இன்னும் சிலர் பொது அறிவைச் சோதிக்கிறார்கள். இவர்களுக்கு ஒரு மகானின் ஆதரவு உண்டு. மின்சார விளக்கினால் புகழ்பெற்ற தாமஸ் எடிசன், தம்மிடம் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பூகோளம், சரித்திரம், ரசாயனம் என்று நூற்றுக்கு மேற்பட்ட கேள்விகள் அடங்கிய வினாத்தாள் ஒன்றைத் தயாரித்திருந்தார். 1921-இல் அது பத்திரிகைகளில் வெளியாகி அமெரிக்காவெங்கும் அமளிப்பட்டது. அதே வருஷம் அங்கே சென்றிருந்த ஐன்ஸ்டீனிடம், ஒலியின் வேகம் என்ன என்று அந்தப் பாணியில் ஒருவர் கேட்டார். புத்தகத்தில் கிடைக்கிற சங்கதியை மூளையில் சுமந்து திரிவதில்லை என்று அவர் சொல்லிவிட்டார். எடிசனின் பரீட்சையில் ஐன்ஸ்டீனுக்கு வேலை கிடைத்திராது. அதனால் நஷ்டம் யாருக்கு என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

உத்தரமேரூர் கேட்ட கேள்வி

ஆளைத் தேர்வது எப்படி என்பது தமிழருக்குப் புதிய விஷயமன்று. திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றும் 'தெரிந்து வினையாடல்' என்றும் இரண்டு முழு அதிகாரங்கள் இதற்காகவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. கல்லிலேயே வெட்டிவைத்த சான்றும் உண்டு. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும், உத்தரமேரூர்ச் சபையார் வாரியங்களுக்கு ஆள் தேரும் விதிகளைக் கோயில் சுவரில் பொறித்தார்கள். குடவோலை முறை என்று பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது அதுதான்.

நிலம், வீடு, வேதப் பயிற்சி என்று அந்த விதிகளில் சொல்லிய தகுதிகள் ஒரு பிராமணச் சபைக்கு உரியவை. இன்றைய ஜனநாயகத்துக்கு ஏற்கமாட்டா. ஆனால் இரண்டு விதிகள் நம்மைத் திடுக்கிடச் செய்கின்றன. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி தகுதியற்றவன் என்பது ஒன்று. அப்படிக் கணக்குக் காட்டாதவனுடைய உறவினர்களும் தகுதியற்றவர்கள் என்பது மற்றொன்று. இரண்டாவது விதி அளவுக்கு மீறிய கண்டிப்புதான். எனினும் நமது மண்டிகளில் உறவு சிபார்சாக நிற்கிறது; உத்தரமேரூரில் அதே உறவு தடையாகவும் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்!

முதல் விதியிலோ ஒரு பெரிய உண்மை அடங்கியிருக்கிறது. "நீ நல்லவனா?" என்று அந்தச் சபையார் கேட்கவில்லை. "போன தடவை கணக்குக் காட்டினாயா?" என்று கேட்டார்கள். முன்னது ஆளைப் பற்றிய கேள்வி. பின்னது அவன் செய்த வேலையைப் பற்றிய கேள்வி. கேள்வி கேட்கும் கலையின் சாரம் முழுவதும் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

மூன்று விதமான நல்ல கேள்விகள்

இதை வைத்துக்கொண்டு ஒரு சிறு கடைக்காரர் என்னென்ன கேட்கலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, கையில் வேலையைக் கொடுத்துக் கேட்பது. தரம் பிரிக்க ஆள் வேண்டுமானால், கலப்புக் காய் அரைக் கிலோவைத் தட்டில் கொட்டி, "இதைப் பிரித்துக் காட்டுங்கள், ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்" என்று கேட்கலாம். வெடித்த காய், பூச்சி அரித்துச் சொரசொரத்த காய், நிறம் வெளுத்த காய் இவற்றை ஒருவர் தாமாக ஒதுக்குகிறாரா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துபோகும். போடியில் பெண்கள் எத்தனையோ பேர் வருஷக்கணக்காய்ச் செய்துவரும் வேலை இது. அவர்களுடைய கண்ணுக்கும் விரலுக்கும் உள்ள ஞானத்தைச் சர்டிபிகேட்டில் எழுத முடியாது, தட்டில் காணலாம். பிறகு, "இந்தக் காயை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும்; எப்படி வைப்பீர்கள்?" என்று கேட்கலாம். ஈரம் சுமார் 10 சதவிகிதத்துக்கு இறங்கும்படி உலர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்த்து, வெளிச்சம் பட்டு நிறம் போகாதபடி கறுப்புப் பாலிதீன் உறையிட்ட சாக்கில் கட்டி வைப்பதாகச் சொல்கிறவர், விஷயம் தெரிந்தவர்.

கணக்கெழுதும் வேலைக்கு வேறு மாதிரி கொடுக்க வேண்டும். "ஒரு தோட்டக்காரர் 600 கிலோ பச்சைக் காயை உலர்த்த அனுப்பினார், ஸ்டோரிலிருந்து 96 கிலோ திரும்பி வந்தது. என்ன செய்வீர்கள்?" ஐந்து, ஆறு கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் ஒரு கிலோ நிற்கும். ஆகவே 100 முதல் 120 வரையில் எதிர்பார்க்கலாம், 96 குறைவுதான். வகுத்தல் மட்டும் தெரிந்தவர், "திருட்டு நடந்திருக்கிறது" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவார். வியாபாரம் தெரிந்தவரோ, "மழையில் பறித்த காயா? பச்சைக் காயை எங்கே நிறுத்தார்கள்? சாக்கு எடையைக் கழித்தார்களா? எவ்வளவு நேரம் உலர்த்தினார்கள்?" என்று நம்மையே கேள்வி கேட்பார். நல்ல கேள்விக்கு அடையாளம் அதுதான்: தெரிந்தவரும் தெரியாதவரும் அதற்கு ஒரே மாதிரி பதில் சொல்ல முடியாது.

இதில் ஓர் எச்சரிக்கை. சோதனை என்ற பெயரில் நாள் முழுவதும் நான்கு பேரைக் காய் பொறுக்க வைத்துவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்று வழியனுப்புவது தர்மம் அல்ல. அரை மணிக்கு மேல் போனால் கூலி கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, நடந்ததைக் கேட்பது. "நீங்கள் நேர்மையானவரா?" என்ற கேள்விக்கு இல்லை என்று சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. "கணக்கும் சரக்கும் ஒத்துவராமல் போன ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை கிலோ வித்தியாசம்? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? எப்போது சொன்னீர்கள்? பிறகு என்ன ஆயிற்று? நடந்த கதையில் நாளும் இடமும் ஆட்களும் இருப்பார்கள்; தொடர்ந்து கேட்கக் கேட்கக் கதை விரியும். கற்பனைக் கதையோ மூன்றாவது கேள்வியில் மெலிந்துவிடும். முன்பு எங்கும் வேலை பார்க்காதவரிடமும் இதைக் கேட்கலாம். மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை எழுதியிருப்பார். கோயில் திருவிழாவில் வசூல் நோட்டை வைத்திருந்திருப்பார். கல்லூரியில் நண்பர்களின் பணத்தைக் கையாண்டிருப்பார். அங்கே ஐம்பது ரூபாய் குறைந்தபோது என்ன செய்தாரோ, அதைத்தான் நமது கடையில் ஐம்பதாயிரம் குறையும்போதும் அநேகமாகச் செய்வார்.

மூன்றாவது, நடக்கக்கூடியதைக் கேட்பது. காரி லேதமும் அவருடைய சகாக்களும் 1980-இல் இந்த முறையைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வேலையில் உண்மையாகவே நேர்கிற சங்கடம் ஒன்றை எடுத்துச் சொல்லி, "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது இது. எந்தப் பதிலுக்கு எத்தனை மார்க் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வது இதன் உயிர்நாடி.

ஓர் உதாரணம்: "வடக்கேயுள்ள பழைய வாடிக்கைக்காரர், காய் வெளுத்திருக்கிறது, கொஞ்சம் பச்சை நிறம் ஏற்றி அனுப்புங்கள், இல்லாவிட்டால் வேறு கடை பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். முதலாளி மலையில் இருக்கிறார்; டெலிபோன் எட்டவில்லை. லாரி மாலையில் புறப்பட வேண்டும்." ஏலக்காயில் செயற்கை நிறம் ஏற்றுவது சட்டவிரோதம். "ஏற்றமாட்டேன்" என்று மட்டும் சொன்னால் பாதி மார்க். ஏற்றமாட்டேன் என்பதை வாடிக்கைக்காரருக்கு மரியாதையாகச் சொல்லி, கையிருப்பில் நல்ல நிறமுள்ள வேறு சரக்கை அதன் விலையோடு காட்டி, நடந்ததை எழுதி வைத்து முதலாளி வந்ததும் தெரிவிப்பேன் என்றால் முழு மார்க்.

இந்தக் கேள்வியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இது கேட்கிறவரையும் சோதித்துவிடுகிறது. எந்தப் பதிலுக்கு முழு மார்க் என்று எழுத உட்காரும்போது, தமது கடை எப்படிப்பட்ட கடை என்பதை முதலாளியே காகிதத்தில் பார்க்க நேர்கிறது!

கேட்டால் மட்டும் போதாது

நல்ல கேள்வியையும் கெட்ட முறையில் கேட்டுக் கெடுத்துவிடலாம். ஒருவரிடம் கணக்கைக் கேட்டு, இன்னொருவரிடம் கிரிக்கெட்டைப் பேசினால் இருவரையும் ஒப்பிடுவது எப்படி? ஒரு மூட்டையைச் சல்லடையிலும் மற்றதைக் கண்மதிப்பிலும் தரம் பார்ப்பதற்கு அது சமானம். எல்லோருக்கும் அதே கேள்விகள், அதே வரிசையில். பதிலைக் கேட்ட கையோடு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் எழுதிவிட வேண்டும். கூடுமானால் இரண்டு பேர் உட்கார வேண்டும். முதலாளியும், அந்த வேலையைத் தினமும் செய்கிற சிப்பந்தி ஒருவரும். இருவரும் எழுதி முடிக்கும் வரையில் ஒருவரோடொருவர் கலந்து பேசலாகாது. முதலாளியின் முகத்தைப் பார்த்துச் சிப்பந்தி மார்க் போட்டால், இரண்டு பேர் இருந்தும் ஒரு தராசுதான்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. நூறு வருஷமாக நடந்துவரும் ஆராய்ச்சிகளைத் திரட்டி, பால் சாக்கெட் முதலிய அறிஞர்கள் 2022-இல் மறுபடி கணக்கிட்டார்கள். தேர்வில் பெற்ற மதிப்புக்கும் பிற்பாடு வேலையில் காட்டிய திறமைக்கும் உள்ள பொருத்தத்தைப் பூஜ்யம் முதல் ஒன்று வரையுள்ள அளவுகோலில் சொல்வது வழக்கம். மனம்போனபடி பேசும் பேட்டிக்குக் கிடைத்தது 0.19. கேள்விகளை வரையறுத்து மார்க் போடும் பேட்டிக்கு 0.42. அதாவது இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 0.42 என்பது ஒன்று அல்ல; எந்தக் கேள்வியும் மனிதனை முழுவதும் அளந்துவிடாது. அந்த அடக்கமும் நமக்கு வேண்டும்.

கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. ஜாதி என்ன, கல்யாணம் எப்போது, குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடுவாயா என்பவை வேலையைப் பற்றி ஒன்றும் தெரிவிப்பதில்லை; வந்தவரைச் சிறுமைப்படுத்துவதுதான் கண்ட பலன். ஆட்களைச் சேர்ப்பதில் பெண்ணென்று வேற்றுமை காட்டலாகாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் விதித்தது. 2019-இல் பார்லிமெண்டு இயற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அந்த நியதி இடம்பெற்றிருக்கிறது. "பெண்பிள்ளை இரவு லாரி ஏற்றும் வரையில் இருப்பாளா?" என்று முதலாளிக்குச் சந்தேகமிருந்தால், "சில நாள் இரவு ஒன்பது மணி வரை வேலை உண்டு, உங்களுக்கு இயலுமா?" என்று ஆண் பெண் எல்லோரிடமும் கேட்டுவிடலாம். வீட்டுக்குக் கொண்டுபோய் விட வண்டி வசதி செய்வதாகவும் சேர்த்துச் சொன்னால் அந்தக் கேள்வி பூரணமாகும்.

மாமாவை அடியோடு மறந்துவிட வேண்டுமா? வேண்டாம். சிபார்சு செய்கிறவரிடமும் நல்ல கேள்வி கேட்டால் போதும். "பையன் எப்படி?" என்றால் "தங்கமான பையன்" என்றுதான் விடை வரும். "உங்களிடம் அவர் என்ன வேலை செய்தார்? உங்கள் கிடங்குச் சாவியை அவரிடம் கொடுத்ததுண்டா? மறுபடி வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பதில் வருவதற்கு முன் ஏற்படுகிற தயக்கம், பதிலைக் காட்டிலும் அதிகம் பேசும்.

அவர்களும் கேட்கட்டும்

"நமக்கோ கடையில் ஐந்து பேர். இத்தனை சம்பிரமம் எதற்கு?" என்று சில முதலாளிகள் எண்ணலாம். ஐந்து பேர் இருப்பதனால்தான் வேண்டியிருக்கிறது. ஐந்நூறு பேருள்ள கம்பெனியில் ஓர் உதவாக்கரை, ஐந்நூறில் ஒரு பங்கு. ஐந்து பேருள்ள மண்டியில் அவர் ஐந்தில் ஒரு பங்கு! ஆறு கேள்விகளை எழுதி வைப்பதற்கு ஒரு மாலை போதும். ஆளுக்கு அரை மணி நேரம். ஒரு மூட்டைக்கு அதைவிட அதிகம் செலவழிக்கிறோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஜூன் மாதத்தில், பன்னிரண்டு வருஷ இடைவெளிக்குப் பிறகு, அகலப் பாதையில் போடிக்கு ரயில் திரும்பி வந்தது. சென்னைக்கே நேராக வண்டி கிடைத்தது. சரக்குக்கு மட்டுமல்ல, படித்த பிள்ளைகளுக்கும் அது வழிதான். இனி மண்டிக்காரர் ஆளைத் தேர்வது போல ஆளும் மண்டியைத் தேர்ந்துகொள்வார். ஆகையால் பேட்டியின் கடைசிப் பத்து நிமிஷத்தை வந்தவருக்கே விட்டுவிட வேண்டும். சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும், காய் வரத்து மும்முரமான மாதங்களில் வேலை நேரம் எவ்வளவு நீளும், விடுமுறை எத்தனை நாள் என்பவற்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உள்ளதைச் சொல்லிச் சேர்த்த சிப்பந்தி, ஒரு மாதத்தில் ஏமாந்து ஓடமாட்டார்.

தேசத்தின் பொருளாதாரம் பெரிய ஆலைகளில் மட்டும் இல்லை. ஐந்து பேர், பத்து பேர் வேலை செய்யும் மண்டிகளிலும் ஸ்டோர்களிலும் சிறு பட்டறைகளிலும் அது வளர்கிறது. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் உரியவர் அமர்ந்தால் கடைக்கு லாபம்; உரியவர் எந்த வீட்டுப் பிள்ளையானாலும் அமர முடிந்தால் நாட்டுக்கு லாபம். தோட்டத் தொழிலாளியின் மகளும் மண்டிக்காரரின் மருமகனும் ஒரே தட்டின் முன் உட்கார்ந்து ஒரே காயைப் பிரித்துக் காட்டட்டும். மருமகன் வென்றால் மாமாவுக்குப் பெருமை. மகள் வென்றால், அவளைச் சேர்த்துக்கொண்ட மண்டிக்குப் பெருமை.